தஞ்சாவூர் மாப்பிள்ளைக்கு மதுரையிலிருந்து

அன்புள்ள மாப்ள,

சுகம்தானே? தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். இங்கே அம்மாவுக்கு முட்டிவலி, மற்றபடி எல்லாரும் நலம். தீபாவளிக்கே எழுத நினைத்தேன், கடையில் வேலை சரியாக இருந்தது, விட்டுப்போயிற்று. போனில் பேசியிருக்கலாம், ஆனால் இது போனில் பேசித் தீர்கிற விஷயம் இல்லை.

விஷயம் நம்ம சிநேகிதன் சோடாதான். போன வாரம் கடைக்கு வந்தான். கல்லாவில் சாய்ந்துகொண்டு, “ஆயிரத்தில் ஒருவன் மாதிரி இன்னொரு படம் தமிழ்ல வராது, அது காவியம்டா” என்கிறான். யார்? சோடா! 2010 பொங்கல் அன்று அந்தப் படம் வந்தபோது, தியேட்டரில் இடைவேளை முடிந்து அரைமணி நேரத்தில் “டிக்கெட் காசைத் திருப்பிக் கேளுங்கடா” என்று எழுந்து நின்று கத்தினவன். நீயும் நானும் மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்தோம், வெளியே வந்தால் டீக்கடையில் மொத்தக் கூட்டமும் நம்மைப் பிடித்துக்கொண்டது, நினைவிருக்கிறதா? அன்று நீ பேசின பேச்சுக்கு ஒல்லி உனக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது, பிள்ளைகள் படிக்கும்.

கூட்டத்தையும் முழுக்கக் குறை சொல்ல முடியாதுதான். 2007ல் பருத்திவீரன் பார்த்த நம்ம ஊர்க்காரனுக்குக் கார்த்தி என்றால் சொந்த வீட்டுப் பையன். அடுத்த படத்துக்கு மூன்று வருசம் காத்துக் கிடந்தார்கள். முதல் பாதி அவர்கள் கேட்டதைக் கொடுத்தது: கூலியாட்களின் தலைவன், இரண்டு கதாநாயகிகள், கப்பல், பாம்பு, புதைமணல். நடராசர் நிழல் மணலில் விழ, அதற்குள்ளேயே ஓடித் தப்பிக்கிறார்களே, அதற்குத் தியேட்டர் ஆடியது. அப்புறம் குகைக்குள், தஞ்சையை விட்டு ஓடி ஒளிந்த சோழர்களின் ராசாவாகப் பார்த்திபன் வந்தார். பழந்தமிழில் பேசினார், பசித்த சனம் சாப்பாட்டுக்கு அடித்துக்கொண்டது, விசில் நின்றுவிட்டது. பத்திரிகைக்காரர்களும் முதல் பாதியைத் தட்டிக்கொடுத்துவிட்டு இரண்டாம் பாதி குழப்பம், ரத்தக்களறி, தலையும் இல்லை வாலும் இல்லை என்று எழுதினார்கள். எனக்கு அப்போதே கோபம். அந்த இரண்டாம் பாதிக்காகத்தான் முதல் பாதியே இருக்கிறது என்று நீ சொன்னாய், இன்றைக்கும் அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை சேர்க்க மாட்டேன்.

தோல்விப் படம் என்ற பெயரிலும் ஒரு கூத்து இருக்கிறது. 2021ல் படத்தை எடுத்த செல்வராகவனே சொன்னார், உண்மையான செலவு 18 கோடிதான், பெரிய படம் என்று காட்ட 32 கோடி என்று அறிவித்தோம் என்று. போட்ட காசு வந்தும், சொன்ன தொகை பெரிதாக இருந்ததால் சுமாராக ஓடின படம் என்றே கணக்கில் எழுதிவிட்டார்கள். அதே வருசம் டிசம்பர் 31ல் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது, பொங்கலுக்குத் திட்டின அதே வயசுப் பையன்கள், ஆனால் வேறு பையன்கள், வசனத்தைத் திரைக்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டு பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷம்தான். நாம் சொன்னது நின்றதே என்று உனக்குப் போன் பண்ணினேனே.

ஆனால் மாப்ள, இப்போது அந்தச் சந்தோஷம் இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சோடாவின் மகன் பைக்கில் புலிக்கொடி ஒட்டியிருக்கிறான். போனில் அந்தப் படத்துத் துண்டுகளாக வைத்திருக்கிறான்: ராசா நடந்து வருவது, ராசா கர்ஜிப்பது, பின்னால் பறை. அவ்வளவுதான் அவனுக்கு அந்தப் படம். “சோழன்னா சும்மாவா சித்தப்பா” என்கிறான். நான் கேட்டேன், தம்பி, அந்த ராசாவுக்கு என்ன ஆச்சு என்று. பதில் இல்லை. பட்டினி கிடந்து, தஞ்சையிலிருந்து தூதன் வருவான் வருவான் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்த சனத்துக்குக் கடைசியில் வந்தது துப்பாக்கியோடு ஒரு பட்டாளம். ராசாவைச் சங்கிலியில் கட்டினார்கள், பெண்களைச் சீரழித்தார்கள். இதில் மார்தட்ட என்ன இருக்கிறது? பெருமை பேச எடுத்த படம் இல்லை அது. ஒரு இனம் அழிவதை, கண்ணை மூட விடாமல், உட்காரவைத்துக் காட்டின படம். 2022ல் பொன்னியின் செல்வன் வந்ததும் இன்னும் மோசமாகிவிட்டது. அதிலும் கார்த்தி சோழனுக்குத் தூது போகிறாரா, இரண்டையும் ஒட்டுப்போட்டு ஒரே கதையாக்கி ஆடுகிறார்கள்.

உச்சப்பட்டி இலங்கை அகதிகள் முகாமிலிருந்து நம்ம கடைக்கு வெள்ளையடிக்க வருவாரே பெயிண்டர் அண்ணன், 1990ல் படகில் வந்தவர், அவருடைய தங்கச்சி 2009ல் வன்னியில்தான் இருந்தாள். ஒருநாள் கடை டிவியில் இந்தப் படம் ஓடியது. நான் சேனலை மாற்றியிருப்பேன், அவர்தான் இருக்கட்டும் என்றார். சனம் எல்லாம் தூதன் வந்துவிட்டான் என்று ஆரவாரம் செய்கிற இடத்தில் தூரிகையைத் தண்ணீரில் போட்டார். “நாங்களும் இப்பிடித்தான் தம்பி, ஆராவது வருவினம் எண்டு இருந்தனாங்கள்” என்றார். பிறகு மிச்சச் சுவரையும் அடித்து முடித்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனார், அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. படப்பிடிப்பு தொடங்கியது 2007ல். அதனால் முள்ளிவாய்க்காலை நினைத்துத்தான் எடுத்தார் என்று சாதிக்க நான் வரவில்லை. ஆனால் 2009 மே முடிந்து எட்டு மாசத்தில் அந்தப் படம் நம் முன்னால் ஓடியது. அன்றைக்கு ‘இரண்டாம் பாதி புரியவில்லை’ என்று சொல்ல எப்படி முடிந்தது? இன்றைக்குப் புலிக்கொடி ஒட்டிக்கொண்டு ஆட எப்படி முடிகிறது? எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது.

நம்ம ஊருக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. படத்தில் வில்லன்கள் யார்? பாண்டியர்கள். மதுரையில் உட்கார்ந்து அதைப் பார்த்த ஒருத்தனும் அன்றைக்கு அதைப் பற்றி வாய் திறக்கவில்லை! ரீமா சென் அனிதாவாக வந்து பழி தீர்க்கிறாளே, அவள் நம்ம ஆள் மாப்ள. தமிழ்ப் படத்தில் ஒரு பெண்ணை அத்தனை இரக்கம் இல்லாதவளாக, அத்தனை திறமைக்காரியாக எழுதி நான் பார்த்ததில்லை. நம்ம தமிழய்யா வகுப்பில் சொல்வாரே, மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்து, மண்டபங்களை இடித்து, கழுதை பூட்டி உழுததை கல்வெட்டில் அவன் புகழ் பாடுகிற மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது என்று. பட்டினப்பாலைப் புலவனுக்குக் கொடுத்த பதினாறுகால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டு சொல்கிறதாம். ஐயா அந்த மண்டபத்தைச் சொல்லும்போது குரல் உயர்த்துவார், எரிந்த வீடுகளைச் சொல்லும்போது தாழ்த்திவிடுவார். 1279ல் குலசேகர பாண்டியனோடு சோழர் கதை முடிந்தது, படமும் அந்த வருசத்தில்தான் தொடங்குகிறது. அப்புறம் 1311ல் மாலிக் காபூர் வந்து நம்ம ஊரையும் சூறையாடினான். அவரவர் காலத்தில் அவரவர் எரித்தார்கள். நீ தஞ்சாவூரில் பெண்ணெடுத்துச் சோழனாகிவிட்டாய் என்று நான் கிண்டல் பண்ணுவேன், நீ மீன்கொடி மீன்குழம்பு என்பாய், அது நமக்குள். பைக்கில் ஒட்டிக்கொண்டு அலைகிற பையனுக்கு அது கிண்டல் இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

நான் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் பிடிக்கவும் இல்லை. காவியம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் எதையும் கேட்க முடியாமல் போகிறது. முதல் பாதியில் கார்த்தி அந்த இரண்டு பெண்களிடம் பேசுகிற பேச்சு எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, மகளோடு உட்கார்ந்து பார்த்தபோது இன்னும் பிடிக்கவில்லை. காட்டுவாசிகளை மனிதக்கறி தின்பவர்களாகக் காட்டினது ஒரு அழிந்த சனத்துக்காக அழுகிற படத்துக்கு அழகே இல்லை. கிராபிக்ஸ் பல இடங்களில் கந்தல். அதே சமயம் ராம்ஜி கேமராவும் ஜி.வி.பிரகாஷ் பாட்டும் வேறு உயரம். ‘தாய் தின்ற மண்ணே’ தொடங்கினால் நான் இன்னும் வேலையை நிறுத்திவிடுவேன்.

மகள் படம் முடிந்ததும் கேட்டாள், “அப்பா, நாம எந்தப் பக்கம்?” நான் பக்கத்தைச் சொல்லவில்லை, அந்தச் சனத்தைப் பற்றிச் சொன்னேன், பெயிண்டர் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். அதற்கப்புறம் அவள் முள்ளிவாய்க்கால் பற்றி என்னென்னவோ கேட்டாள், எனக்குத் தெரிந்தவரை சொன்னேன், ராத்திரி வெகுநேரம் ஆகிவிட்டது. சோடா மகனிடமும் அப்படிப் பேச வேண்டும் என்று இருக்கிறேன். அவன் அப்பன் முன்னால் வேண்டாம், தனியாக.

இரண்டாம் பாகம் என்று 2021 புத்தாண்டுக்குத் தனுஷை வைத்து அறிவித்தார்கள், 2024 என்று போட்டார்கள், அந்த வருசமும் வந்து போய்விட்டது. வராமல் இருப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது எடுத்தால் கூட்டம் கேட்கிற ராசாவைத்தான் கேட்கும், பட்டினி கிடந்த ராசாவை யாரும் கேட்க மாட்டார்கள். நீ இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும். உன் கட்சியை விவரமாக எழுது, போனில் சொல்லித் தப்பிக்காதே.

சித்திரைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருகிறாய். எதிர்சேவை அன்றைக்கு முதல் நாளே வந்துவிடு, அப்புறம் வண்டியை விடமாட்டார்கள். ஒல்லியும் வருகிறான். படத்தை நான் எடுத்து வைக்கிறேன், சோடாவையும் மகனையும் கூப்பிடலாம், இந்தத் தடவை இடைவேளைக்கு அப்புறம் யாரையும் எழ விடக்கூடாது.

அன்புடன்,
உன் மாப்ள