அட்வான்ஸ் என்றால் எங்களுக்கு முன்பணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசிமேட்டில் நாற்பது ஆண்டுகள் விசைப்படகில் வேலை செய்த என் தந்தைக்குக் கல்லீரலில் புற்றுநோய். அந்தச் செய்தி எங்களுக்கு வந்தது ஒரு மருத்துவமனையின் லிஃப்ட் வாசலில். ஸ்ட்ரெச்சருக்கு வழிவிட்டபடியே, "அட்வான்ஸ்டு ஸ்டேஜ். வீட்டுக்கு அழைத்துப் போகலாம்" என்று சொல்லிவிட்டு மருத்துவர் உள்ளே போய்விட்டார். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அட்வான்ஸ் என்றால் முன்பணம். எவ்வளவு கட்ட வேண்டும் என்று அம்மா சிஸ்டரிடம் கேட்டார். வீட்டுக்குப் போகலாம் என்றதும் குணமாகிவிட்டதென்று நினைத்த அப்பா, பக்கத்துப் படுக்கைக்காரரிடம் விடைபெற்று வந்தார்.

இரண்டு நாள் கழித்து, வேறொரு இடத்தில், வலித் தணிப்புப் பிரிவின் பெண் மருத்துவரைப் பார்த்தோம். அப்பாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று நான் முன்னதாகவே அவரிடம் கெஞ்சியிருந்தேன். அவர் மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை. கதவைச் சாத்திவிட்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். "ஐயா, இதுவரை உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறார்கள்?" என்று கேட்டார். பிறகு, "முழு விவரத்தையும் உங்களிடமே சொல்லட்டுமா, மகளிடம் சொன்னால் போதுமா?" என்றார். "என்னிடமே சொல்லுங்கள்" என்றார் அப்பா. "இது புற்றுநோய். முற்றிவிட்டது, குணப்படுத்த முடியாது. ஆனால் வலியைக் குறைக்க மருந்து இருக்கிறது, நாங்கள் கூடவே இருப்போம்." அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அப்பா அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம் இருக்கும்.

அந்தப் பதினைந்து நிமிடத்தால்தான் அப்பா படகுப் பங்குக் கணக்கைத் தானே தீர்த்தார். பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்த பழவேற்காட்டு அத்தையை வரவழைத்தார். மறைத்திருந்தால் இரண்டும் நடந்திருக்காது. நான் கெஞ்சியது தவறு.

கெட்ட செய்தியை இப்படிச் சொல்லும் பக்குவம் ஒருவரின் பிறவிக் குணத்தால் மட்டும் வருவதல்ல, கற்றுக்கொள்ளக்கூடியது. பெய்ல், பக்மன் உள்ளிட்ட மருத்துவர்கள் 2000-இல் வெளியிட்ட 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறு படி முறையில் தனியிடம், நோயாளிக்குத் தெரிந்ததை முதலில் கேட்பது, அவர் அனுமதி பெறுவது எல்லாம் உண்டு. நம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் 2019 முதல் நோயாளியிடம் பேசும் முறைக்கு இடமிருக்கிறது. ஆனால் வகுப்பில் படித்ததைச் செய்துகாட்ட வார்டில் இடம் வேண்டுமே!

ராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள மருத்துவமனைகள், அரசுடையவையானாலும் தனியாருடையவையானாலும், வார்டுக்கு ஒரு சிறிய அறையை இதற்கென ஒதுக்க வேண்டும். கதவும் நான்கு நாற்காலிகளும் போதும்.

இப்படிக்கு,
மீனவர் மகள்,
காசிமேடு, சென்னை