திருவனந்தபுரத்தில் குலுக்கல், திருப்பாதிரிப்புலியூரில் சீட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பல நாட்டு லாட்டரிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பரிசுத் தொகைகளை அடுக்குவதில் இருந்த உற்சாகம், குலுக்கல் எப்படி நடக்கிறது என்று சொல்வதில் இல்லை. போகட்டும். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் வந்த தடையை நீக்கிவிட்டால் கள்ள லாட்டரி தானாக ஒழிந்துவிடும் என்று முடித்திருக்கிறாரே, அதை ஏற்க முடியவில்லை.

கட்டுரையாளர் ஒரு பிற்பகலில் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையப் பக்கம் வந்து பார்க்கட்டும். கோடு போட்ட நோட்டுத் தாளைக் கிழித்து, பேனாவால் மூன்று இலக்கம் எழுதித் தருகிறார்கள். அரசு முத்திரை கிடையாது, வரிசை எண் கிடையாது. கேரள அரசின் குலுக்கல் முடிவு செல்போனில் வந்ததும், பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தோடு ஒத்துப் பார்க்கிறார்கள். விழாதவர் சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டு, நாளைக்கு ஒன்று எழுதச் சொல்கிறார்.

இதை நம் ஊர்க்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1920-களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், வங்கிகள் தங்களுக்குள் காசோலைக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் இடமான கிளியரிங் ஹவுஸ் அன்றாடம் வெளியிட்ட தொகைகளிலிருந்து மூன்று இலக்கங்களை எடுத்து இதே ஆட்டம் ஆடினார்கள். ஜெயிக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. ஜெயித்தால் கட்டிய காசைப்போல் 600 மடங்கு. மீதி 400 யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை. வங்கிக் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பைசா பிசகாமல் நாங்கள் நேர் செய்த கணக்கு வேறொரு ஊரில் சூதாட்டத்துக்குப் பகடையானது என்பதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

1970-களில் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களின் அரசுகளே மூன்று இலக்க லாட்டரியைத் தொடங்கின. அதனால் தெரு ஆட்டம் நின்றுவிடவில்லை. தெரு ஏஜென்ட் கடனுக்கு எழுதுவார், பரிசில் வரி பிடிக்கமாட்டார். நம் நாட்டில் லாட்டரிப் பரிசுக்கு 30 சதவீத வருமான வரி. அரசு டிக்கெட் வந்த மறுநாளே துண்டுச் சீட்டுக்காரர் கடையைக் கட்டிவிடுவார் என்று எப்படி நம்புவது?

அரசு நடத்தினாலும் கண்காணிப்பு வேண்டும். 1980 ஏப்ரல் 24 அன்று பென்சில்வேனியாவில், குலுக்கலைத் தொலைக்காட்சியில் நடத்திய அறிவிப்பாளரும் கூட்டாளிகளும் 4, 6 தவிர மற்றப் பந்துகளுக்குள் ஊசியால் பெயின்ட் ஏற்றிவிட்டார்கள். காற்றால் பந்தை மேலே தள்ளும் இயந்திரத்தில் கனத்த பந்துகள் எழவில்லை. வந்த எண் 666. இரண்டே இலக்கங்களால் எட்டு எண்கள்தான் அமையும்; அந்த எட்டிலும் பணம் குவிந்திருந்ததே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. அறிவிப்பாளர் சிறைக்குப் போனார்.

எனக்குப் பிடித்தது ஸ்பெயினின் கிறிஸ்துமஸ் லாட்டரி. 1812 முதல் நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொரு எண்ணையும் பரிசையும் மேடையில் பாடிச் சொல்ல, நாடே மணிக்கணக்கில் பார்க்கிறது. விற்ற தொகையில் 70 சதவீதம் பரிசாகத் திரும்புகிறது.

நம் துண்டுச் சீட்டின் சிக்கல் வேறு. திருவனந்தபுரத்துக் குலுக்கலில் ஒரு கோளாறும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். டிக்கெட்டை அரசே அச்சிட வேண்டும், வருமானம் அரசுக் கணக்குக்குப் போக வேண்டும் என்கிறது 1998-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். நோட்டுத் தாளுக்கு இதில் எது பொருந்தும்? பெரிய தொகை விழுந்தால் ஏஜென்ட்டின் போன் அணைந்துவிடும். புகார் கொடுக்க வாங்கியவருக்கும் பயம். போலீசார் எழுதிக் கொடுப்பவரைப் பிடிக்கிறார்கள், அவர் ஜாமீனில் வருகிறார், அதே இடத்தில் நிற்கிறார். வசூல் இரவில் யார் கைக்குப் போகிறது என்பதை யாரும் தேடிப் போவதாகத் தெரியவில்லை.

உங்களிடமும் ஒரு கேள்வி உண்டு. உங்கள் இணையதளத்தில் தினமும் கேரள லாட்டரி முடிவு வருகிறது. கடலூரில் அதைப் பார்ப்பவர்களில் எத்தனை பேரிடம் அசல் டிக்கெட் இருக்கும்? கிளியரிங் ஹவுஸ் முழுத் தொகையை வெளியிடுவதை நிறுத்தியபோது, ஹார்லெம்காரர்கள் குதிரைப் பந்தயக் கணக்குக்குத் தாவினார்கள். ஒரு நம்பரை நிறுத்தினால் வேறொன்றைத் தேடிக்கொள்வார்கள் என்பது எனக்கும் தெரியும். அதற்காக நம்பரை நீங்களே எடுத்துக் கொடுக்க வேண்டுமா? அந்தப் பகுதியை நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.