கணக்கை முடக்கினால் காரணம் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

இணைய விளையாட்டுகளில் ஓர் ஆட்டக்காரர் இன்னொருவரைத் தாக்கும் வசதியையே தடைசெய்ய வேண்டும் என்று கடந்த ஞாயிறு இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் அப்படிப்பட்ட ஆட்டம் ஒன்றை ஒரு மணி நேரமாவது ஆடிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகமே. தடை வேண்டாம்; ஆட்டக்காரரின் கணக்கை முடக்கும் நிறுவனம் அதற்குக் காரணம் சொல்லட்டும் என்பதே என் கட்சி.

2007 வாக்கில் கரூர் பிரவுசிங் சென்டர்களில் பொழுதைக் கழித்தவன் நான். கணினியில் எதையும் நிறுவாமலே ஆட முடிந்ததால் எங்களுக்கு வாய்த்தது 'ரூன்ஸ்கேப்' என்ற இணைய விளையாட்டு. அதில் 'வைல்டர்னஸ்' என்றொரு பகுதி. எல்லையைத் தாண்டினால் அடிதடிதான்; ஆனாலும் அதற்குக் கறாரான விதிகள் இருந்தன. எல்லையோரத்தில் ஏறக்குறைய சமபலம் உள்ளவரை மட்டுமே தாக்கலாம். வடக்கே போகப் போக அந்த வரம்பு தளரும். முதலில் கைவைத்தவரின் தலைமேல் மண்டையோடு தோன்றும். சாதாரணமாகச் செத்தால் விலை உயர்ந்த மூன்று பொருள்கள் மிஞ்சும். மண்டையோட்டுடன் செத்தால் அவையும் போய்விடும். வம்பை ஆரம்பித்தவனுக்கே இழப்பு அதிகம் என்ற ஏற்பாடு எனக்கு இன்றும் பிடித்திருக்கிறது.

தகராறுகள் கிளம்பியது வேறு இடத்தில். புதிதாக வந்தவனிடம் நைச்சியமாகப் பேசி, புதையல் இருக்கிறது என்று எல்லைக்குள் அழைத்துப்போய், அங்கே கூட்டாளிகளை விட்டுக் கொல்வார்கள். தாக்கியது விதிப்படி சரி. அழைத்துவந்த பேச்சு? அது போர்த்தந்திரமா, மோசடியா என்று நாங்கள் போட்ட சத்தத்தில் சென்டர்க்காரர் எங்களை வெளியே அனுப்பியதுண்டு.

கட்டுரையாளர் கேட்கும் தடை ஏற்கெனவே நடந்து முடிந்த கதை. 2007 டிசம்பரில் ரூன்ஸ்கேப்பை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனம் வைல்டர்னஸில் ஆட்டக்காரர்கள் மோதிக்கொள்வதை நீக்கியது. ஆட்டத்தின் தங்கத்தை நிஜப் பணத்துக்கு விற்றவர்கள், வேண்டுமென்றே செத்துப் பொருளைக் கைமாற்றி வந்தார்கள். அவர்களைப் பிடிக்க எல்லோருக்கும் சேர்த்துக் கதவை அடைத்தார்கள். மூன்று ஆண்டு புகைச்சலுக்குப் பிறகு நடந்த வாக்கெடுப்பில் சுமார் 12 லட்சம் வாக்குகள் விழுந்தன. 91 சதவீதம் பேர் பழையபடி வேண்டும் என்றார்கள். 2011 பிப்ரவரியில் வைல்டர்னஸ் திரும்பியது.

வாக்கெடுப்பும் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. 2013-இல் தொடங்கிய ரூன்ஸ்கேப்பின் 'ஓல்ட் ஸ்கூல்' பதிப்பில் புதிதாக ஒன்றைச் சேர்க்க, ஆட்டக்காரர்கள் வாக்கில் முதலில் 75 சதவீத ஆதரவு தேவைப்பட்டது; பிறகு அது 70 ஆனது. வைல்டர்னஸ் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள் அதன் சண்டை விதிகளைத் தோற்கடிக்கிறார்கள் என்று சண்டைக்காரர்கள் புலம்புவது வழக்கம். எனக்கு அதில் பாதி அனுதாபம்தான். அடிவாங்குகிறவனுக்கும் வாக்கு இருக்க வேண்டும் அல்லவா?

இப்போது என் அக்காள் மகன் வேறோர் ஆட்டம் ஆடுகிறான். தன்னிடம் தோற்ற ஒருவன் மறுபடி உயிர்பெறும் இடத்திலேயே காத்திருந்து, எழ எழ அவனைக் கொன்றிருக்கிறான். அது சண்டைக்கென்றே திறந்துவிட்ட களம். அக்காள் மகனின் கணக்கை ஒரு மாதம் முடக்கிவிட்டார்கள். வந்த மின்னஞ்சலில் 'நடத்தை விதி மீறல்' என்பதற்கு மேல் ஒரு வரி கிடையாது. மேல்முறையீடு செய்தான், அதே கடிதம் மறுபடி வந்தது. அவன் செய்தது அற்பத்தனம். ஒரு மாதம் போதாது என்றுகூட அக்காவிடம் சொன்னேன். ஆனால் எதுவரை சண்டை, எதற்கு மேல் துன்புறுத்தல் என்று அந்த ஆட்டத்தின் விதிகளில் தேடிப் பார்த்தேன், எங்கும் இல்லை.

2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது, அதை வரவேற்கிறேன். அதே சட்டம் இணைய விளையாட்டுகளுக்கென ஓர் ஆணையத்துக்கும் வழிசெய்கிறது. அந்த ஆணையம் பணம் புழங்காத ஆட்டங்களையும் கவனிக்கட்டும். கணக்கை முடக்கும் நிறுவனம் எந்த விதி, எந்த நாள், எந்தச் செயல் என்று எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீட்டை, முதல் முடிவை எடுக்காத வேறொரு மனிதர் படிக்க வேண்டும். தமிழ்நாட்டு ஆட்டக்காரருக்கு அந்தப் பதில் தமிழிலும் கிடைத்தால் நல்லது.

ஏற்றுமதி நிறுவனக் கணக்காளர் ஒருவர்,
கரூர்.