கொடியைக் கொடுத்தீர்கள், பனித்தளத்தையும் கொடுங்கள்

நெதர்லாந்து ராயல் ஸ்கேட்டிங் சங்க நிர்வாகிகளுக்கும், அந்நாட்டு ஒலிம்பிக் கமிட்டியாருக்கும்,

வணக்கம். 2022 பிப்ரவரி 4 அன்று பெய்ஜிங் தொடக்க விழாவில் உங்கள் கொடியை இருவர் ஏந்தி வந்தார்கள். ஒருவர் க்யெல்ட் நௌஸ், முந்தைய ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற ஸ்பீட் ஸ்கேட்டிங் வீரர். பக்கத்தில் லின்ஸி வான் சுண்டர்ட். எட்டன்-லூர் என்ற ஊரிலிருந்து வந்த பெண், ஐஸில் இசைக்கேற்பத் தாண்டியும் சுழன்றும் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை. மூன்று நாள் முன்னால்தான் அவருக்கு 17 வயது முடிந்திருந்தது. டிவியில் அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. 46 ஆண்டுகளுக்குப் பிறகு பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் உங்கள் நாட்டுக்கு ஓர் ஆள் கிடைத்திருந்தார்.

அவருக்கு முன்னால் ஒலிம்பிக் வந்தவர் டயான் டி லியூ, 1976-இல் வெள்ளி. அவர் கலிஃபோர்னியாவில் பிறந்து வளர்ந்தவர், தாயின் நாட்டுக்காக ஆடினார். அவருக்கும் முன்னால் ஷௌக்யே டைக்ஸ்ட்ரா, 1960-இல் வெள்ளி, 1964-இல் இன்ஸ்ப்ரூக்கில் தங்கம். குளிர்கால ஒலிம்பிக்கில் உங்கள் நாடு பெற்ற முதல் தங்கமே அது. ஃபிரீஸ்லாந்தில் பிறந்த அவரும் சின்ன வயதிலேயே பயிற்சிக்காக லண்டன் போக வேண்டியிருந்தது. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் உங்களுக்குப் பதக்கம் கொண்டுவந்த இருவரையும் உருவாக்கியது வெளிநாட்டுப் பனித்தளங்கள். இதை எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஐஸுக்குப் பஞ்சமான நாடா உங்களுடையது? கால்வாய் உறைந்தால் ஊரே ஸ்கேட் மாட்டிக்கொண்டு இறங்குகிற மக்கள் நீங்கள். உங்கள் சங்கம் 1882-இல் தொடங்கியது. சோச்சியில் 2014-இல் 24 பதக்கம் வாங்கினீர்கள். அவற்றில் 23, 400 மீட்டர் ஓவலில் நடக்கும் ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் வந்தவை, மீதி ஒன்று சிறிய தளத்தில் நடக்கும் ஷார்ட் டிராக் பந்தயத்தில். அந்தப் பெருமையை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் முழுச் சாப்பாடு போட்டால் இன்னொரு பிள்ளை எப்படி வளரும்?

ஃபிகர் ஸ்கேட்டிங் பிளேடை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். முன்னால் ரம்பம் மாதிரிப் பற்கள். அடியில் நீளவாக்கில் ஒரு சின்னப் பள்ளம், அதன் இரு பக்கமும் இரண்டு விளிம்புகள். டிரிபிள் லட்ஸ் என்ற ஜம்ப்பைத் தாண்டும் பெண் இடது காலின் வெளி விளிம்பில் பின்னோக்கி வந்து, வலது காலின் பற்களை ஐஸில் குத்தி எழும்புகிறாள். முக்கால் நொடிகூட இல்லை, அதற்குள் மூன்று சுற்று. பிறகு உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமையை ஒற்றை வலது கால் தாங்கியாக வேண்டும். ஐஸ் கல் மாதிரி இறுகிக் கிடந்தால் விளிம்பு பிடிக்காது, முழங்காலும் தாங்காது. இவர்களுக்குச் சற்று மென்மையான ஐஸ் வேண்டும், தனி நேரம் வேண்டும். கூட்டத்தோடு கூட்டமாகச் சுற்றிப் பழகுகிற வித்தை இல்லை இது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வயது விஷயம். 2022 ஜூனில் புக்கெட்டில் கூடிய சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன், சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதைப் படிப்படியாக 17 ஆக்கியது. 15 வயது ரஷ்ய வீராங்கனை கமிலா வலியேவா ஊக்கமருந்து சர்ச்சையில் சிக்கி பெய்ஜிங்கில் பட்ட பாட்டைப் பார்த்த எவரும் அதை எதிர்க்க மாட்டார்கள். நானும் மனதார வரவேற்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். போட்டிப் பருவம் தொடங்கும் ஜூலை 1-க்குள் 17 நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. இதே விதி அன்றே இருந்திருந்தால் லின்ஸி பெய்ஜிங் போயிருக்க முடியாது. 2021 மார்ச்சில், பார்வையாளர் யாருமில்லாத ஸ்டாக்ஹோம் அரங்கில், உலகப் போட்டியில் 16-ஆம் இடம் பிடித்து நாட்டுக்கு ஒலிம்பிக் இடம் வாங்கித் தந்தாரே, அதுவும் நடந்திருக்காது. அப்போது அவருக்கு வயது 16.

அப்படியென்றால் இன்றைக்கு 13 வயதில் டிரிபிள் ஜம்ப் பழகும் பெண் இன்னும் நான்கு வருஷம் காத்திருக்க வேண்டும். உயரம் கூடும், எடை மாறும், நேற்று வந்த ஜம்ப் இன்று வராது. பயிற்சியாளர் சம்பளம், பூட்ஸ், ஐஸ் வாடகை எல்லாம் அந்த வருஷங்களில்தான் பெற்றோர் தலையில் விழும். சீனியர் பதக்க வாய்ப்பைக் காட்டு, உதவியைப் பிறகு பார்க்கலாம் என்று நீங்கள் சொன்னால், காட்டுவதற்குள் அவள் பள்ளிப் பையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவாள். ஒதுங்கியவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது.

பக்கத்து பெல்ஜியத்தைப் பாருங்கள். உங்களைப் போன்ற ஸ்கேட்டிங் பாரம்பரியம் அங்கே கிடையாது. அங்கிருந்து லூனா ஹெண்ட்ரிக்ஸ் 2022-இல் உலக வெள்ளியும், 2024-இல் ஐரோப்பியத் தங்கமும் வென்றார்.

எனவே கேட்கிறேன். 13 முதல் 17 வயது வரையான பிள்ளைகளை ஜூனியர் அளவுகோலால் அளந்து உதவுங்கள். விடிகாலை ஐஸில் அவர்களுக்கென்று சில மணி நேரம் ஒதுக்குங்கள். சர்வதேச விதிப்படி ஒரு பெண் ஒலிம்பிக் இடம் வாங்கிவிட்டால், அதற்கு மேல் உங்கள் தனி அளவுகோலை வைத்து அவளை நிறுத்தாதீர்கள். பெய்ஜிங்கில் லின்ஸி குறும்போட்டி என்ற முதல் சுற்றைத் தாண்டி ஃப்ரீ ஸ்கேட்டிங் என்ற இறுதிச் சுற்று வரை போனார். அவர் கையில் கொடியைக் கொடுக்க உங்களுக்கு மனம் வந்தது. அதே மனதோடு, அடுத்து வருகிற பெண்ணின் விண்ணப்பத்தையும் படியுங்கள்.

அன்புடன்,
தூரத்திலிருந்து உங்கள் ஐஸைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ரசிகை