டப்பா முழுவதும் 40 மில்லிகிராம்தான்

அம்மாடி,

ஆஸ்துமாவால் இரவில் மூச்சுத் திணறி எழுந்திருப்பது நின்றுவிட்டது, இனி எதற்கு இந்த ஸ்டீராய்டு இன்ஹேலர் என்று கேட்டிருக்கிறாய். நின்றதே அதனால்தான். அதனால் நீயாக நிறுத்தாதே.

உன்னைப் பயமுறுத்துவது ஸ்டீராய்டு என்ற பெயர். கணக்குப் போட்டுப் பார். உன் இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டின் பெயர் புடெசோனைடு. அந்த டப்பாவில் 200 பஃப் (ஒரு தடவை அழுத்தினால் ஒரு பஃப்), ஒரு பஃப்புக்கு 200 மைக்ரோகிராம். டப்பா முழுவதும் சேர்ந்தே 40 மில்லிகிராம்தான். காலை ஒன்று, இரவு ஒன்று என்றால் 100 நாள் வரும். அதை விட்டு, இழுப்பு முற்றி அவசரப் பிரிவுக்குப் போனால், பிரெட்னிசோலோன் மாத்திரை ஒரு நாளைக்கே 40, 50 மில்லிகிராம் கொடுப்பார்கள், 5 முதல் 7 நாள் வரை. இரண்டின் வீரியமும் வேறு, எடையை மட்டும் வைத்து ஒப்பிடுவது முழு நியாயமில்லைதான். ஆனால் மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றும். இன்ஹேலர் மருந்து நேரே மூச்சுக்குழாயில் படுகிறது. தொண்டையில் பட்டு வயிற்றுக்குள் போகும் பங்கையும் கல்லீரல் பெரும்பாலும் முறித்துவிடும்.

அவசரத்துக்கு இழுக்கும் நீல இன்ஹேலரில் இருப்பது சால்பியூட்டமால். இறுகிய தசையைச் சில நிமிடத்தில் தளர்த்தும், 4 முதல் 6 மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். குழாயின் உட்சுவரில் உள்ள வீக்கத்தை அது ஆற்றாது. ஆற்றுவது புடெசோனைடு. இழுத்தவுடன் ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும், முழுப் பலனுக்கு மாதக்கணக்கு ஆகும். நிறுத்தினாலும் அன்றே ஒன்றும் ஆகாது, ஏமாறுவது அங்கேதான். வீக்கம் சத்தமில்லாமல் திரும்பியிருக்கும். பெங்களூர்க் குளிரில் ஒரு சளி பிடித்தால் போதும், இழுப்பு வந்துவிடும். வாரத்தில் 2 நாளுக்கு மேல் நீலம் தேவைப்பட்டாலோ, ஆண்டுக்கு 3 நீல டப்பா தீர்ந்தாலோ, ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று வைத்துக்கொள். பெரியவர்களுக்கு நீலத்தை மட்டும் கொடுக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா 2019லேயே சொல்லிவிட்டது.

இழுக்கும் முறையில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். மூடியைக் கழற்றி வாய்ப்பகுதிக்குள் ஒரு பார்வை பார், கைப்பையில் கிடந்தால் தூசி ஏதாவது புகுந்திருக்கும். நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் குழல்) செருகு. மூச்சை முழுக்க வெளியே விடு. உதட்டால் ஸ்பேசரை இறுகக் கவ்வி, ஒரே ஒரு முறை அழுத்தி, மெதுவாக, ஆழமாக இழு. 10 எண்ணும் வரை அடக்கிப் பிறகு விடு. 2 பஃப்பை ஒன்றாக அழுத்தினால் துளிகள் ஸ்பேசர் சுவரிலேயே ஒட்டிவிடும். இரண்டாவது வேண்டுமானால் அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கித்தான். வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையில் மோதி நின்றுவிடும். ரோட்டாகேப் போடும் தோழியைப் பார்த்துக் குழம்பாதே. அது கேப்ஸ்யூலில் வரும் பொடி, அதை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். (அந்தக் கேப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு மருந்து கேட்கவில்லை என்பவர்களும் உண்டு.)

இழுத்து முடித்ததும் வாய் கொப்பளித்து, தொண்டையில் கொஞ்சம் தண்ணீரைக் களகளவென்று உருட்டித் துப்பு. விழுங்காதே. இதை விட்டால் நாக்கிலும் அண்ணத்திலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படியும். குரல் கம்முவதற்கும் தொண்டையில் தங்கும் மருந்துதான் காரணம், ஸ்பேசர் அதைக் குறைக்கும். இன்ஹேலரைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்திலேயே வை. இழுத்துவிட்டுப் பல் துலக்கினால் இரண்டும் மறக்காது.

ஸ்பேசரை வாரம் ஒரு முறை பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அப்படியே காற்றில் காயவிடு. துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்தை இழுத்துக்கொள்ளும். உலோகக் குப்பியைத் தண்ணீரில் போடாதே. மருந்து மிச்சம் இருக்கிறதா என்று அறிய, மிதக்கிறதா, மூழ்குகிறதா என்று பார்க்கும் சோதனையை நம்பாதே. மருந்து தீர்ந்த பிறகும் காற்று சீறிக்கொண்டுதான் இருக்கும். எண் காட்டி இல்லாத டப்பா என்றால் திறந்த தேதியையும் 100வது நாளையும் மேலே எழுதி வை.

அளவைக் குறைக்க வழி உண்டு. 3 மாதம் தொந்தரவே இல்லாமல் இருந்தால் டாக்டர் கால் பங்கோ அரைப் பங்கோ குறைத்துப் பார்ப்பார். ஆண்டுக்கணக்கில் அதிக அளவு எடுப்பவர்களுக்குத்தான் எலும்புத் தேய்மானம், கண்புரை, அட்ரினல் சுரப்பி சோர்வு போன்ற கவலை கூடுதல். உன்னுடைய நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் குறைந்த அளவில் சேர்ந்தது. படர்தாமரைக்கு இட்ராகோனசோல் எழுதினால் மட்டும் இன்ஹேலரைக் கட்டாயம் சொல். அது புடெசோனைடை உடம்பில் முறியவிடாது, சின்ன அளவும் பெரிதாகிவிடும். நாளைக்குக் கர்ப்பமானாலும் நிறுத்தாதே. மூச்சுத் திணறல்தான் குழந்தைக்கு ஆபத்து, இந்த மருந்து அல்ல.

ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் இழுத்தால், நீலத்தில் 4 பஃப், ஒவ்வொன்றாக ஸ்பேசர் வழியே எடு. எடுத்தவுடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. 20 நிமிடத்தில் தணியவில்லை என்றால் போகும் வழியிலேயே இன்னொரு 4. புடெசோனைடு அந்த நேரத்துக்கு உதவாது.

நாளைக் காலை இழுக்கும்போது போனைச் சுவரில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்து அனுப்பு. சிணுங்காதே. ஸ்பேசரை எப்படிக் கவ்வுகிறாய் என்று பார்க்க வேண்டும்.

அப்பா