19 குஞ்சுகளுக்காக ஒரு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

சித்திரையில் எங்கள் வீட்டுக் கோழிகள் வெள்ளைக்கழிச்சல் நோயில் செத்துப்போனபோது கூட நின்றவர்களுக்கு நான் இன்னும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. அப்போது வாய் வரவில்லை. இன்று பின்கட்டில் 19 குஞ்சுகள் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கின்றன. இனியும் தள்ளிப்போடக் கூடாது.

அவை சும்மா வாங்கி விட்ட கோழிகள் இல்லை. என் மாமியார் 30 வருடமாக வம்சம் அறாமல் காப்பாற்றி வந்த சிறுவிடை நாட்டுக்கோழிகள். அத்தை போன பிறகு என் பொறுப்புக்கு வந்தன. சந்தையில் வாங்கிய ஒரு பெட்டையை இரண்டு மூன்று வாரம் தனியே அடைத்துப் பார்க்காமல், அன்றைக்கே மற்றவற்றோடு திறந்துவிட்டேன். தவறு என்னுடையதுதான். நாலாம் நாள் அது இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் நின்றது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். அப்புறம் மற்றவற்றுக்கும் பரவி, சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொண்டது. 38 கோழிகளில் மிஞ்சியவை 3.

எங்கள் பகுதி கால்நடை ஆய்வாளர் ஐயாவுக்கு முதல் நன்றி. "இது வைரஸ்மா. வந்த பிறகு மருந்து இல்லை, வராமத் தடுக்கத்தான் முடியும்" என்று பொய் நம்பிக்கை தராமல் சொன்னார். ஆழமாகக் குழி வெட்டச் சொல்லி, சுண்ணாம்பு போட்டு மூடும் வரை கூடவே நின்றார். கூட்டைச் சுண்ணாம்பு அடித்துக் காயவிடு, அவசரப்பட்டுப் புதுக்கோழி விடாதே என்றார். கேட்டுக்கொண்டேன்.

தேவகோட்டைப் பக்கம் இருக்கும் சித்திக்கு ஆறு வருடம் முன்பு அத்தை 12 முட்டை அடைவைக்கக் கொடுத்து அனுப்பியிருந்தார். எனக்கு அது மறந்தே போயிருந்தது. செய்தி கேட்டு போன் செய்த சித்தி ஒன்றுதான் கேட்டார்: "உங்க அத்தை குடுத்த வம்சம் இங்கதானே இருக்கு. முட்டை எப்ப வேணும்?"

ஆனியில் வந்தார். இட்டு ஒரு வாரத்துக்கு மேற்படாத 26 முட்டைகள். கழுவாமல், ஓலைப்பெட்டியில் உமி பரப்பி, கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, இரண்டு பஸ் மாறி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். அவருக்கு வயது 68. நான் உடனே அடைவைக்கப் போனபோது விடவில்லை. "குலுங்கி வந்த முட்டை, ஒரு ராத்திரி அசையாமக் கிடக்கட்டும்" என்றார். மறுநாள், இடிக்குக் கரு கலங்காமல் இருக்கட்டும் என்று முட்டைகளோடு இரும்புத் துண்டும் கரியும் வரமிளகாயும் அவர் கையாலேயே வைத்தார்.

அடைவைத்தது என் வீட்டில் இல்லை, மூன்றாம் வீட்டு மதினியின் திண்ணையில். அவருடைய இரண்டு பெட்டைகள் அப்போது அடைக்குப் படுத்திருந்தன. தன் முட்டைகளை எடுத்துக் குழம்பு வைத்துவிட்டு இவற்றை வைத்தார். கோழி வளர்ப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். 21 நாள் அடை, அதன் பிறகு குஞ்சோடு திரியும் மாதங்கள். அத்தனை நாளும் அந்தக் கோழிகள் அவருக்கு முட்டை போடாது. ஒரு நாளும் அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

ஏழாம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தபோது நான்கில் கரு கூடவில்லை. மூன்று முட்டைகளில் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. மற்ற 19-ம் பொரித்தன. பருந்துக்கு ஒன்றுகூடப் பறிபோகாதது எதிர்வீட்டு அப்பத்தாவால்தான். வெளியே விட்ட நேரமெல்லாம் கம்போடு உட்கார்ந்திருந்தார், இருட்டும் முன் பஞ்சாரக் கூடையில் கவிழ்த்தார். அவர் பேரன் பானையில் காய்ந்த சாணியும் கந்தல் சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வைத்து, விடிந்ததும் கரையான் கொண்டுவந்து கொட்டுவான். அந்தக் குஞ்சுகள் வளர்ந்த வேகம் எனக்கே ஆச்சரியம்.

தெருவுக்கும் சொல்ல வேண்டும். பொரித்த ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா என்ற கழிச்சல் தடுப்பு மருந்து விட்டாகிவிட்டது. எட்டாம் வாரம் அதே நோய்க்கு இறக்கையடியில் தடுப்பூசி. அந்த ஊசி மருந்தை நூறு கோழிக்குச் சேர்த்துத்தான் கரைக்க வேண்டும். கரைத்த பிறகு ஐஸில் வைத்திருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். 19 குஞ்சுக்காக மருந்தை வீணாக்க முடியுமா? விடியும் முன்னே, கோழிகளைத் திறந்துவிடாமல், வீட்டுக்கு வீடு கூடையில் கொண்டுவந்து கோயில் முன்னால் வரிசையாக வைத்தீர்கள். எட்டு வாரம் தாண்டியவை மட்டும் 90-க்கு மேல். பிப்ரவரியில் நடக்கும் இலவச முகாமுக்கும் இதே போல வாருங்கள், நானே வந்து கதவைத் தட்டுகிறேன்.

கூடப்பிறந்த சேவலும் பெட்டையும் சேர்ந்தால் போகப்போகப் பொரிப்பு குறையும் என்று, தன் சிறுவிடைச் சேவலைத் தருவதாகச் சொல்லியிருக்கும் வாத்தியார் ஐயாவுக்கும் நன்றி. தை மாதம் பெட்டைகள் முட்டைக்கு வந்துவிடும். அடைவைக்கிற முதல் முட்டைகள் மதினிக்கு. அதற்கடுத்தது யாருக்கு வேண்டும் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
கிழக்குத் தெரு, கடைசி வீடு