மகளுக்கு, அந்தக் கட்டுரை குறித்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போனில் உன் குரல் சரியில்லை. லேபில் வேலை அதிகம் என்று சொல்லி இரண்டு வார்த்தையோடு வைத்துவிட்டாய். சாப்பாட்டை விடாதே. ராத்திரி கண் விழிக்காதே. செய்த பரிசோதனையை அன்றைக்கே தேதி போட்டுக் குறிப்பேட்டில் எழுதி வை.

உன் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை எடுத்தாண்டார்கள் என்று காட்டும் கூகுள் ஸ்காலர் பக்கத்தை நான் அடிக்கடி பார்ப்பது உனக்குத் தெரியும். மேற்கோள்கள் 400-ஐத் தாண்டியபோது தெருவில் ஒருவரை விடாமல் சொன்னேன். எச் இன்டெக்ஸ் 11 என்றால், 11 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 11 முறை எடுத்தாளப்பட்டிருக்கின்றன என்று அம்மாவே இப்போது மற்றவர்களுக்கு விளக்குகிறாள். அவ்வளவு பெருமை எங்களுக்கு.

ஆனால் மருத்துவக் கல்லூரி நூலகத்திலேயே தலை நரைத்தவன் நான். இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை எடுத்தாளப்படுகின்றன என்று சொல்லும் எண், எதற்காக வந்தது என்று எனக்குத் தெரியும். யூஜீன் கார்ஃபீல்டு தன் மேற்கோள் அட்டவணையில் எந்த இதழ்களைச் சேர்ப்பது என்று தெரிவு செய்ய அதை உருவாக்கினார். பிறகு, கையில் இருக்கும் காசுக்கு எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று எங்களைப் போன்றவர்கள் அதைப் பார்த்தோம். ஓர் ஆளை எடை போட அது வரவில்லை. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் இதழுக்கு அந்த எண் வானளாவ இருப்பதற்குப் பெரிய காரணம், ஆண்டுதோறும் அதில் வரும் புள்ளிவிவரக் கட்டுரையை உலகமே எடுத்தாள்வதுதான். அந்த இதழைப் பார்த்து மற்ற இதழ்களை அளக்க முடியுமா? பெரிய இதழில் வராவிட்டால் நிதி கிடைக்காது என்று உங்கள் பேராசிரியர் விரட்டுவதாக நீ ஒருமுறை சொன்னாய். அதிலிருந்தே எனக்குக் கலக்கம்.

சுற்றி வளைக்கிறேன், பாப்பா. உன் 2021 கட்டுரையின் தலைப்புக்கு மேல் படங்களில் சந்தேகம் இருக்கிறது என்று இதழாசிரியர்கள் ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறார்கள். படித்தேன். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கியும் பார்த்தேன். செல்களில் இருக்கும் புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படம் அது. அதில் மேல் வரிசையின் கடைசிப் பட்டைக்கு இடது ஓரத்தில் முடி போல ஒரு கீறல். கீழ் வரிசையில், வேறு மருந்து கொடுத்த செல்கள் என்று போட்டிருக்கும் இடத்திலும் அதே கீறல், ஒரே படத்தை இரண்டு இடத்தில் போட்டது போல. எனக்கு உயிரியல் தெரியாது. கண் தெரியும்.

யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. நீ வேண்டுமென்று செய்யமாட்டாய். பத்தாம் வகுப்பில் மார்க் கூட்டலில் அதிகம் போட்டுவிட்டார்கள் என்று நீயே போய்த் திருத்திக்கொண்டு வந்தவள். ஆனால் முதல் ஆசிரியர் நீ. உன் பெயர்தான் முன்னால் நிற்கிறது. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஃபிரான்சிஸ் ஆர்னால்டு 2018-இல் நோபல் பரிசு வாங்கியவர். மறுவருடம் வந்த தன் கட்டுரையின் பரிசோதனைகளை மறுபடி செய்தபோது அதே முடிவுகள் கிடைக்கவில்லை என்று தெரிந்ததும், 2020 ஜனவரியில் அவரே ஊரறியச் சொல்லி, மன்னிப்பும் கேட்டு, அதைத் திரும்பப் பெற்றார். அங்கேயும் குறிப்பேட்டில்தான் பதிவுகள் விடுபட்டிருந்தன. அதனால்தான் குறிப்பேடு, குறிப்பேடு என்று படிக்கிற காலத்திலிருந்து உன் உயிரை வாங்குகிறேன். அவருடைய மதிப்பு இதனால் குறையவில்லை.

உங்கள் துறையில் இது சின்ன விஷயமும் இல்லை. ஆம்ஜென் மருந்து நிறுவனத்தில், புற்றுநோய் ஆய்வில் முக்கியமானவை என்று பேசப்பட்ட 53 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். 6 மட்டுமே தேறின என்று 2012-இல் எழுதினார்கள். மற்றவற்றையும் யாரோ நம்பி, அதன்மேல் அடுத்த பரிசோதனையைக் கட்டியிருப்பார்கள். பெரியத்தைக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் ஏற்றிய மூன்று மருந்துகளில் மெத்தோட்ரெக்சேட்டும் ஒன்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சுப்பாராவ் தலைமை தாங்கிய ஆய்வுக்குழுவிலிருந்து வந்த மருந்து. ஹார்வர்டு அவருக்கு நிரந்தர வேலை கொடுக்கவில்லை. ஆனால் அவர் குழு சொன்னதை நம்பி ஊசி போட முடிந்தது. அத்தை உன் கல்யாணம் வரைக்கும் இருந்தாள்.

அதனால், மூலப் படங்கள் உன்னிடம் இருந்தால் இதழுக்கு அனுப்பு. இல்லையென்றால் இல்லை என்று எழுது. பேராசிரியர் சொல்லட்டும் என்று காத்திருக்காதே. மின்னஞ்சல்களை அழிக்காதே. குறிப்பேட்டின் பக்கங்களைப் படமெடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள். அந்த 400 மேற்கோள்களில் பாதி போனாலும் போகட்டும்.

விசாவை நினைத்துத்தான் வாய் திறக்காமல் இருக்கிறாய் என்றால், பயப்படாதே. மாடிப் போர்ஷனை வேறு யாருக்கும் விடவில்லை. மாப்பிள்ளையிடமும் இதைச் சொல். அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கோவிலுக்குப் போயிருப்பாள், அப்போது கூப்பிடு.

அப்பா